ஆதாரில் ஒரு பேர், தெருவில் ஒரு பேர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகங்கள் இருக்கிற பக்கமாக, ஜெராக்ஸ், டைப்பிங், ஃப்ளெக்ஸ் மூன்றையும் சேர்த்துச் செய்கிற சின்னக் கடை எங்களுடையது. மனு எழுதித் தருவோம், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவோம், கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துத் தருவோம். எதற்கு வந்தாலும் பேரைக் கேட்பதற்கு முன்னால் ஆதார் கார்டைக் கேட்டுவிடுவேன். வாயால் சொல்கிற பேரும் கார்டில் இருக்கிற பேரும் ஒன்றாக இருக்கிற ஆள் எங்கள் பக்கம் குறைவு. ஊரே அப்படித்தான். பலகையில் திருப்பாதிரிப்புலியூர் என்று இருக்கும், ஷேர் ஆட்டோக்காரர் திருப்பாப்புலியூர் என்று கூவுவார். கடலூர் முதுநகர் என்றால் யோசிக்கிற பெரியவர்கள் ஓ.டி. (ஓல்ட் டவுன்) என்றால் உடனே வழி சொல்வார்கள்.

என் விஷயத்தையே சொல்கிறேன். கடையில் எல்லோருக்கும் நான் வசந்தி அக்கா. பாஸ்புக்கில் தையல்நாயகி. அது எங்கள் ஆயாவின் பேர், அப்பாவைப் பெற்றவர். முதல் பெண் பிள்ளைக்கு ஆயா பேர்தான் வைக்க வேண்டும் என்று அப்பா உறுதியாக இருந்துவிட்டார். அம்மாவுக்கோ மாமியார் பேரை வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையைத் திட்டுவதற்குக்கூட அந்தப் பேரை எடுக்க முடியாது. ‘ஏய் தையலு, எரும’ என்று கத்தினால் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்கு எப்படி இருக்கும்? கொஞ்ச நாள் பாப்பா என்றார், தம்பிக்குப் பிறகு தங்கை பிறந்து அந்தப் பட்டம் அவளுக்குப் போனதும் வசந்தி என்று ஒரு பேரைத் தானே வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார். தாத்தா பேரைச் சுமக்கிற பேரன்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். சின்னத்தம்பி, ராஜா, பாபு, குட்டி என்று வீட்டில் கூப்பிடப்படுகிற ஐம்பது வயது ஆண்களைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு கோவிந்தசாமியோ நடேசனோ இருப்பார்.

இன்னொரு வகைக் காரணம் கொஞ்சம் கனமானது. பிறந்த பிள்ளைகள் வரிசையாகத் தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளைக்கு யாரும் கண் வைக்காத மாதிரி ஒரு பேர் வைப்பார்கள். பிச்சை, குப்பு, குப்பம்மாள், மண்ணாங்கட்டி. பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பதும், பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் இதோடு சேர்ந்த வழக்கம். அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். அங்கே வாத்தியாருக்கு மனசு கேட்காமல் மண்ணாங்கட்டியை மணியாக்கிவிட்டார். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ரேஷன் கார்டில் மண்ணாங்கட்டி, டி.சி.யில் மணி. இரண்டுமே அன்பினால் வந்த பேர்கள். மாட்டிக்கொள்வது பிறகு பாகப்பிரிவினை வரும்போதுதான்.

அன்பில்லாமல் வந்த பேர்களும் உண்டு. பண்ணையில் வேலை செய்கிறவன் பிள்ளைக்கு ‘சாமி’ என்று முடிகிற பேர் எதற்கு என்று வெட்டிச் சுருக்கிக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். கூப்பிட்டதே பட்டாவிலும் வாக்காளர் பட்டியலிலும் ஏறியது. அப்படி ஒரு பேரை மாற்ற வருகிறவரிடம் ‘நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தறீங்க’ என்று கேட்கவே கூடாது என்பது எங்கள் கடையின் சட்டம். படிவத்தில் காரணம் கேட்டால் எழுதுவோம், கேட்காவிட்டால் விட்டுவிடுவோம்.

பட்டப்பேர் தனி உலகம். ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தால் என்ன செய்வது? ரேடியோ முருகன், சோடா முருகன், மிலிட்டரி முருகன், கட்டை முருகன் என்று ஆகிவிடும். கடற்கரைக் குப்பங்களில் இது இன்னும் பலம். அங்கே பட்டப்பேர் அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று குடும்பப் பேராகவே இறங்கும். வாங்கினவனுக்கு வலிக்கிற பட்டப்பேரும் இதில் நிறைய. ஊனத்தையும் நிறத்தையும் வைத்துக் கூப்பிடுவதை நான் ரசிப்பதில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அதைப் போடாவிட்டால் செத்தது யாரென்றே ஊருக்குத் தெரியாது என்பதும் உண்மை. ‘கோவிந்தராசு’ என்று மட்டும் அடித்துக் கொடுத்தால் மறுபடி அடிக்க வருவார்கள். ‘கோவிந்தராசு என்கிற சிங்கப்பூரான்’ என்று போட்டால்தான் மாலையோடு ஆள் வரும். (பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன். பேரைப் பற்றி எழுதுகிறபோது பேரை மாற்றுவது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

ஒரு ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இறந்து, வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட மகளோடு வந்திருந்தார். மகள் பையைக் கவிழ்த்துக் கார்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினாள். ரேஷன் கார்டில் பழனி. வாக்காளர் அட்டையில் தண்டபாணி. நூறு நாள் வேலை அட்டையில் முருகன். ஆதாரில் பழனிவேல். ஒரே போட்டோ, அதே முறுக்கு மீசை.

“ஆயா, தாத்தாவோட நெசமான பேர் என்னா?”

ஆயா மகளைப் பார்த்தார். “நீ சொல்லு.”

“எனக்கே அப்பான்னுதான் தெரியும், பழனிவேலுதான்னு நெனக்கிறேன்” என்றாள் மகள்.

“நீங்களே சொல்லுங்க ஆயா, இப்பதான் அவர் இல்லியே.”

“இல்லன்னா மட்டும் பேரச் சொல்லிடறதா?” என்று என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கைகாட்டினார். “அதோ, பழனியில நிக்கிறாரே, அவரு.”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஐம்பது வருடமாக வீட்டு வாசலுக்குக் கணக்கெடுக்க வந்த ஒவ்வொருவருக்கும் ஆயா இதே குறிப்பைத்தான் கொடுத்திருக்கிறார். ஒருத்தர் பழனி என்று புரிந்துகொண்டார், ஒருத்தர் தண்டபாணி, ஒருத்தர் முருகன். ஆதார் எடுக்கத் தாத்தாவே நேரில் போனதால் அதில் மட்டும் சரியாக வந்திருக்கிறது. ஒரு மனுஷனுக்கு நாலு பேர் வந்தது மரியாதையினால்தான், ஏமாற்றினதால் இல்லை. ஆனால் சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் ‘இந்த நாலு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று கேட்பார்கள். கேட்டார்கள். கடைசியில் நோட்டரி முன்னால் நாலு பேரையும் வரிசையாக எழுதி, எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் போட்டு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தோடு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்து ஆனது. தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அவரே ஒரு கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிற காரியம்.

அதனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எல்லாக் கார்டுகளையும் ஒரு நாள் ஒன்றாக வைத்துப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்திரமோ உயிலோ எழுதும்போது கூப்பிடுகிற பேரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். ‘மணி என்கிற மண்ணாங்கட்டி’ என்று பத்திரத்தில் ஒரு தரம் இருந்துவிட்டால் பிறகு எவ்வளவோ அலைச்சல் மிச்சம். வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பேங்கில் நாமினி போடும் இடத்தில் நேர் எதிர். அங்கே ஆதாரில் உள்ள பேர்தான் போட வேண்டும். ‘பாப்பா’ என்று நாமினி போட்டுவிட்டுக் கண்ணை மூடிய அப்பாக்களின் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதில் ‘நான்தான் பாப்பா’ என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பேர் மாற்றம் என்னவோ இந்தக் காலத்துக் கூத்து என்று நினைப்பவர்களுக்கு ஊர்க் கதையே போதும். பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பேர் மருள்நீக்கியார். சமணத்தில் சேர்ந்ததும் தருமசேனர். திரும்பி வந்ததும் திருநாவுக்கரசர். சம்பந்தர் வாய் நிறைய அப்பரே என்று கூப்பிட, அதுதான் நின்றது. கல்லைக் கட்டிக் கடலில் போட்டும் மிதந்து அவர் கரையேறிய இடம் என்று இங்கே கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலத்தைப் புதுமைப்பித்தன் என்றால்தான் தெரியும். மஞ்சக்குப்பத்தில் பிறந்த முருகேசன்தான் ஜெயகாந்தன். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய கடலூர் அஞ்சலையம்மாளின் மகள் அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பேர் வைத்தவர் காந்தி.

பாண்டிச்சேரி இதில் நமக்கெல்லாம் அண்ணன். பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி வந்தவர்கள் தங்கிய ஊர் அது. வ.வே.சு. ஐயர் கப்பலில் வரும்போது பெட்டியில் பொறித்திருந்த முதலெழுத்துக்களைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஆளிடம், அது வீர விக்ரம சிங் என்று சமாளித்துத் தப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பிரெஞ்சு அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்த கனக சுப்புரத்தினம், கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் எழுதிப் பார்த்து, பாரதிதாசனாக நிலைத்தார். அரசுச் சம்பளம் வாங்குகிறவர் சொந்தப் பேரில் எழுத முடியாத விஷயம் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அங்கே பேரோடு ஒரு சட்டமே விளையாடியிருக்கிறது. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு போட்ட ஆணைப்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் இந்தியர்கள் ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்படித்தான் லபோர்த் ஆனார். நமக்கு அப்பா பேரின் முதலெழுத்து இனிஷியல், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பேர் என்பது அந்தப் பதிவேட்டின் வழியாகப் பல தமிழ் வீடுகளுக்குள் வந்தது.

எங்கள் அத்தை பாண்டியில் வாக்கப்பட்டவர். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் சரக்கு விலை மட்டும் மாறுவதில்லை, எழுத்தும் மாறும் என்று கிண்டல் செய்வோம். அத்தை மகன் பேர் ஜெயக்குமார். நான் ஜே-யில் ஆரம்பிப்பேன். அவன் பிறப்புச் சான்றில் டி, ஜே, இ, ஏ, சி, ஓ, யூ, எம், ஏ, ஆர். பிரெஞ்சுக்காரர் வாயில் ‘ஜ’ வர முன்னால் ஒரு டி வேண்டும், ‘கு’ வர சி-யும் ஓ-யூவும் வேண்டும். பாண்டியில் முத்துவும் சுப்பிரமணியும் இப்படித்தான் ஓ-யூ போட்டுக்கொண்டு திரிவார்கள். அவன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது பி.எஃப். கணக்கில் யாரோ ‘தப்பா இருக்கு’ என்று திருத்தி, ஜே-யில் ஆரம்பிக்கிற மாதிரி போட்டுவிட்டார்கள். பணம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அந்த எழுத்து தப்பு இல்லை. அது ஒரு ஊரின் வழக்கம். பாண்டிக்காரர்கள் வெளியூரில் படிவம் நிரப்பும்போது தாங்களே எழுதித் தர வேண்டும். வாயால் சொல்லி எழுத விடக்கூடாது. பிரான்ஸ் குடியுரிமை, பென்ஷன் என்று தொடர்பு உள்ள குடும்பம் என்றால் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் இருப்பதுதான் புத்தி.

சரி, பேரை முறைப்படி மாற்றியே ஆக வேண்டும் என்றால்? முதலில் அரசிதழ். கெஜட் என்றால்தான் கடையில் புரியும். தமிழ்நாட்டில் எழுதுபொருள் அச்சுத் துறை வெளியிடுகிறது, படிவம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிக்குத் தனி அரசிதழ், இன்னும் பிரெஞ்சுத் தலைப்போடுதான் வருகிறது. நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் அதில் அப்படியே அச்சாகும். கடலூரில் குடியிருந்துகொண்டு பாண்டியில் போட்டால் ஈசியாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தந்த ஊர்க்காரருக்குத்தான் அந்தந்த கெஜட். வந்தவுடன் பழைய பேர், புதிய பேர் இரண்டின் எழுத்துக்களையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். பிறகு ஆதார், அதன்பின் பான், பாஸ்புக், பாஸ்போர்ட் என்று வரிசையாக. ஆதாரில் பேரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள் என்பதால் முதல் தடவையை எழுத்துப் பிழைக்குச் செலவழிக்காமல், இனிஷியலை விரிப்பதா வேண்டாமா என்பதையும் சேர்த்து முடிவு செய்துகொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஒற்றைப் பேரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மறுத்து, பிறகு அப்பா பேர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று சொன்னது. அந்த வாரம் எங்கள் கடையில் நின்ற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே பதிவாகிவிடும், பேர் இடம் மட்டும் காலியாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை, பதினைந்து வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்றே பிறப்புச் சான்றிதழ்தான் என்று ஆகிவிட்டதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தாத்தா பேர் ஒன்று, ஜோசியர் சொன்ன எழுத்தில் ஒன்று, மாமியார் கூப்பிடுகிறது ஒன்று என்று மூன்று பேரைக் காதில் ஓதியிருந்தாலும், சான்றிதழில் போடப்போவது எது என்று அப்போதே முடிவு செய்யுங்கள். அடுத்த வாய்ப்பு பத்தாம் வகுப்பில் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பேர்ப் பட்டியல், தயாரிக்கும்போது வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேரைச் சரிபார்க்கச் சொல்லிப் பள்ளியில் கேட்பார்கள். பிள்ளையிடம் ‘பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வா’ என்று அனுப்பாமல் பெற்றவர்கள் போய்ப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

திருநங்கைகள் பேர் மாற்றத்துக்கு வரும்போது பலருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்வேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கிற அடையாளச் சான்றிதழ் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லா ஆவணத்திலும் பேரை மாற்றிக்கொள்ள உரிமை இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அவர்களுக்குக் கடையில் நான் செய்கிற ஒரே தனி மரியாதை, டோக்கனில் எழுதுவதும் சத்தமாகக் கூப்பிடுவதும் அவர்கள் சொன்ன பேர்தான். பழைய பேர் பேப்பரில் மட்டும் இருக்கட்டும்.

நியூமராலஜிக்காரர்கள்தான் எனக்கு மிச்சமிருக்கிற தலைவலி. ஒரு எக்ஸ்ட்ரா ஏ போட்டால் கடன் தீரும் என்று யாரோ சொல்லியிருப்பார். போட்டுக்கொள்ளுங்கள், கடைப் பலகையில், விசிட்டிங் கார்டில் எத்தனை ஏ வேண்டுமானாலும். பான் கார்டில் மட்டும் போட்டுவிட்டு ஆதாரை அப்படியே விட்டால் இரண்டும் இணையாது, கடனோடு இன்னொரு கவலையும் சேரும்.

கல்யாணப் பத்திரிகையில் மட்டும் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறேன். திருமணத்தைப் பதிவு செய்யும்போது பத்திரிகையையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், அதனால் பெரிய எழுத்தில் ஆதாரில் உள்ள பேர். அடியில் அடைப்புக்குறிக்குள் கூப்பிடுகிற பேர். போன வாரம் வந்த மாப்பிள்ளை வீட்டார் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. “குப்புசாமின்னு பெருசா போட்டா பொண்ணு வீட்டுல சிரிப்பாங்கக்கா, விக்னேஷ்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்” என்றார் பையனின் அக்கா. பெண் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். பெண்ணின் அம்மா சொன்னது: “அதனால என்னாங்க, எங்க பொண்ணு ஆதார்ல அங்காளம்மா. நாங்களும் அடைப்புக்குறியிலதான் திவ்யா போடணும்.” ஐந்நூறு பத்திரிகை ஆர்டர் ஆனது.